ஆறாவது யூனிட்

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் ஊரில் செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எல்ராய் ஹகாலாவைத் தரையில் பார்ப்பது அபூர்வம். கடைக்காரர்கள், பல் டாக்டர்கள், பள்ளிக்கூடங்கள், பிணம் அடக்கும் தொழில் செய்பவர்கள் என்று, குளிர்காலத்தில் கதகதப்பாக உட்கார ஆசைப்படும் எல்லாருடைய கூரையிலும் இருக்கும் இயந்திரத்தைப் பார்க்க அவன் ஏறி இறங்கியாக வேண்டும். மே மாதம் அதே கூரைகளில் ஏறிக் குளிரூட்டும் பக்கத்தைச் சரிபார்ப்பான். இலைகள் பழுக்கும்போது சூடாக்கும் பக்கம். முப்பத்தொரு வருஷமாக அவனுடைய காலண்டரில் இருந்தவை இந்த இரண்டு பண்டிகைகள்தான். வயது ஐம்பத்தேழு ஆகிவிட்டது, ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி, முழங்கால்கள் மட்டும் நேற்றே ஓய்வு வாங்கிவிட்டன.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிராண்ட் அவென்யூவில் ஒரு நீளக் கட்டடம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு கடைகள். கூரை மேல் கடைக்கு ஒன்றாக ஆறு யூனிட்டுகள், கோடையில் குளிர்காற்றையும் பனிக்காலத்தில் சூடான காற்றையும் கீழே அனுப்பும் பெட்டிகள். இன்சூரன்ஸ் கம்பெனி ஏதோ விதி போட்டுவிட்டதால் இந்த வருஷம் கூரைக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எல்ராய்க்கு வாய்த்த ஜோடி டுவேன் நோவாக். இரும்புச் சுரங்க ஊரில் பிறந்தவன், ஏறக்குறைய இவன் வயதுதான், வாய் மட்டும் மூடாது.

"ஏறுய்யா. நீ மேல வர்றதுக்குள்ள ஏணி துருப்பிடிச்சிடும் போல."

"நீ விழுந்தா பிடிக்க ஆள் வேணுமே, அதான் பின்னாடி வர்றேன்."

"நீ பிடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குழி வெட்டணும்."

ஏரியிலிருந்து காற்று ஈரமாக வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குள் துணி துவைக்கும் கடை, நகப்பூச்சுக் கடை, சைக்கிள் கடை, வரிக்கணக்கர், பல் டாக்டர் என்று ஐந்து யூனிட்டுகளையும் முடித்துவிட்டார்கள். பில்டரை மாற்றி, பெல்ட்டைப் பார்த்து, பர்னரைப் பற்றவைத்து, நெருப்பு ஓடும் குழாய்களை டார்ச் அடித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கதவை மூடுவதற்கு முன் தேதி எழுதினார்கள்.

இந்தத் தேதி எழுதுவது தொழிலுக்குள் இருக்கும் வழக்கம். சோதனை முடிந்ததும் சூடாக்கும் பக்கத்துக் கதவின் உள்தகட்டில் மார்க்கரால் தேதியும், பார்த்தவன் பெயரின் முதலெழுத்துகளும் போட வேண்டும். எந்தச் சட்டமும் கேட்கவில்லை, எந்த முதலாளியும் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் போகும் செக்லிஸ்டில் ஆளாளுக்கு இஷ்டப்படி டிக் அடிப்பார்கள். அதைப் பெரிய பாவமாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் தகட்டில் பொய் எழுதியவன் என்று ஒருத்தனை எல்ராய் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அடுத்து வருகிறவன் நம்பிப் படிக்கிற இடம் அது. பதினைந்து இருபது வருஷத்துத் தேதிகள் வரிசையாக இருக்கும். இறந்துபோனவர்களின் எழுத்துகூட இருக்கும்.

"ஆறாவத நான் பாத்துக்கறேன். நீ கீழ இறங்கி பல் டாக்டர் ரூம்ல சூடு வருதான்னு பாரு" என்றான் எல்ராய்.

"அதெல்லாம் அப்புறம். முடிச்சிட்டே இறங்குவோம், ஒரே ஏணி" என்று டுவேன் ஆறாவது யூனிட்டின் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கதவைத் தனியாகத் திறக்க வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தவன் எல்ராய்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் விடிந்தால் மான் வேட்டை ஆரம்பம். இந்தப் பக்கத்து ஆண்களுக்கு அந்த ஒரு நாள் முக்கியம். கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்கள், அதைத் தள்ளிவைக்க மாட்டார்கள். இருட்டுவதற்குள் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக் காட்டுக் குடிசைக்குப் போய்ச் சேர வேண்டும். ஐந்து யூனிட்டுகளை முடித்துவிட்டு ஆறாவதுக்கு வந்தபோது பனி தூறத் தொடங்கிவிட்டது. கதவுத் திருகுகள் துருவேறி நகரவில்லை. ஒன்றின் தலை தேய்ந்தே போயிற்று. கைவிரல்கள் மரத்துவிட்டன. போன வருஷம் நன்றாகத்தானே இருந்தது, திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எல்ராய் செக்லிஸ்டில் ஆறுக்கும் சேர்த்து டிக் அடித்து அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை வேறு எங்கோ ஒரு கொதிகலன் உடைந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. ஆறாவது யூனிட் அவன் மனதின் ஒரு மூலையில் முள்ளாகக் கிடந்து, மெல்ல மெல்ல மழுங்கிப்போய்விட்டது. மே மாதம் வந்தபோது திறந்தது குளிரூட்டும் பக்கத்துக் கதவு. சூடாக்கும் பக்கத்தையும் அப்போதே பார்த்திருக்கலாம். இலையுதிர் காலத்தில் எப்படியும் வருவோமே என்று விட்டுவிட்டான். மான் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை.

டுவேன் தேய்ந்த திருகைத் துளைபோட்டுப் பெயர்த்தான். கதவு கையோடு வந்தது. அதைத் திருப்பி மடிமேல் வைத்துப் படித்தான்.

"என்னய்யா, போன வருஷத்துத் தேதி இல்ல?"

எல்ராய் கருவிப் பெட்டிக்குள் எதையோ தேடினான்.

"அதுக்கு முந்தின வருஷம் இருக்கு, உன் கையெழுத்து. அதுக்கு முன்னாடி இருக்கு. போன வருஷம் யார் வந்தது?"

"நான்தான்."

டுவேன் நிமிர்ந்து பார்த்தான். வாய் மூடாத அந்த மனிதன் வாயை மூடிக்கொண்டு டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தான். கண்ணாடியைச் செருகினான். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தான். பிறகு டார்ச்சை எல்ராயிடம் நீட்டினான்.

மூன்றாவது குழாயின் வளைவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதன் உதடுகள் துருப்பிடித்து விரிந்திருந்தன. சுற்றிலும் கரி அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பர்னர் எரியவே இல்லை. ஆகையால் இந்தக் கரி அத்தனையும் போன குளிர்காலத்தில் படிந்தது. வெளியே போக வேண்டிய புகை இந்த வாய் வழியாகக் கசிந்து, சூடான காற்றோடு சேர்ந்து, கீழே கடைக்குள் போயிருக்கிறது. அந்தப் புகையில் என்ன இருக்கும் என்று இந்தத் தொழிலில் நுழைகிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு. அதிகம் போனால் ஆளைக் கொல்லும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் தலைவலி, தள்ளாட்டம், மறதி, வாய்க்குழறல்.

"இது ஒரு மாசத்துல வந்த விரிசல் இல்ல" என்றான் டுவேன். "போன நவம்பர்ல திறந்திருந்தா கண்ல பட்டிருக்கும்."

"தெரியும்."

டுவேன் எழுந்து கேஸ் வால்வை மூடினான். ஓடக்கூடாது என்று சிவப்பு அட்டை எழுதிக் கட்டினான். கூரையின் ஓரம் வரை நடந்துபோய்க் காறித் துப்பிவிட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து எல்ராயின் கையில் திணித்தான்.

"எழுது."

"என்னத்த?"

"போன வருஷத்துத் தேதிய. நவம்பர்ல நல்லா இருந்துச்சு, அப்புறமா வெடிச்சிருச்சு. இரும்புதானே, எப்ப வேணா வெடிக்கும். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நான் பாக்கல, திரும்பிக்கிறேன்." சொன்னபடியே ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "லைசென்ஸு போச்சுன்னா பென்ஷனும் இழுபறி ஆயிடும்யா. ரெண்டு வருஷம். எழுதித் தொல."

எல்ராய் மார்க்கரின் மூடியைக் கழற்றிவிட்டான் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. தகட்டில் கடைசித் தேதிக்குக் கீழே தாராளமாக இடம் இருந்தது. எழுதியும் இருப்பான். ஆனால் கையை வைக்கப் போகும்போது, இந்த யூனிட்டின் காற்றுக்குழாய் நேராக இறங்குகிற அறை எது என்பது அவனுக்கு உறைத்தது. மறதியோடும் தள்ளாட்டத்தோடும் போன குளிர்காலத்தில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவள் ஆர்லிஸ்.

ஆறாவது கடை லூத்தரன் சர்ச் நடத்தும் பழைய சாமான் கடை. ஆர்லிஸ் சண்ட்வால் பதினாலு வருஷம் அதன் மேனேஜராக இருந்தாள். வயது அறுபத்துநாலு. ஒரு காலத்தில் மொடாக்குடிகாரி. அதை அவளே ஊரறியச் சொல்வாள். பத்தொன்பது வருஷமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வாள். கடையின் பின்னறையில், சூடான காற்று கொட்டுகிற துளைக்கு நேர் கீழே, அவள் மேஜை. மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணி நேரம் வந்து சேவை செய்துவிட்டுப் போகிறவர்கள். அந்த அறையில் நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறவள் அவள் ஒருத்திதான்.

டிசம்பர் மாதம் சர்ச்சில் மீன் விருந்து நடந்தது. அந்தக் கொழகொழ மீனைச் சாப்பிட முன்னோர்கள்மேல் தனி பக்தி வேண்டும். எல்ராய் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். ஆர்லிஸ் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்ப்பா எல்ராய், அந்த ஹீட்டர் சரியாத்தான் இருக்கா? ஆபீஸ்ல உக்காந்தா மண்டைய இடிக்குது. ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா ஒண்ணுமில்ல" என்று கேட்டாள். எல்ராய் வாயிலிருந்த கிழங்கை விழுங்கிவிட்டு, "நவம்பர்லதாங்க பாத்தேன், நல்லா இருக்கு. கண்ணாடிய மாத்திப் பாருங்க" என்றான்.

பிப்ரவரியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் தப்பு, சாவியை மறந்தது, மேஜைமேல் கவிழ்ந்து தூங்கியது, பேச்சுக் குழறியது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்று ஊர் முழுக்க அரசல் புரசலாகப் பேசிக்கொண்டது. சாப்பாட்டுக் கடையில் ஒருத்தன் அதைச் சொன்னபோது, "நானும் கேள்விப்பட்டேன், பாவம்" என்று எல்ராயும் உச்சுக்கொட்டினான். புதிதாக வந்த மேனேஜர் பின்னறையில் வெளிச்சம் இல்லையென்று மேஜையை வாசல்பக்கம் போட்டுக்கொண்டார். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்ராய் மார்க்கரை மூடினான்.

"எழுதிட்டியா?" என்றான் டுவேன், திரும்பாமலே.

"இல்ல. ஆர்லிஸ் கீழ உக்காந்திருந்தாய்யா. இது அடியில."

டுவேனுக்கும் கதை தெரியும். ஏரியை விட்டுத் திரும்பினான். பிறகு, "நீ இப்ப போய்ச் சொன்னா மட்டும் அந்தம்மாவுக்கு வேலைய திருப்பிக் குடுத்துடுவாங்களா?" என்றான்.

"வேல கிடக்கட்டும். பேரு."

"உன் இஷ்டம். நான் பொய்யும் சொல்ல மாட்டேன், நானா உண்மையும் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லுவேன்."

கீழே இறங்கித் தன் வண்டியில் உட்கார்ந்து எல்ராய் முதலாளிக்குப் போன் செய்தான். நவம்பரில் தான் திறக்கவே இல்லை என்பதைச் சொன்னான். "யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாத. நான் வக்கீல கூப்பிடறேன். வீட்டுக்குப் போ" என்றார் முதலாளி. சரி என்று சொல்லிவிட்டு எல்ராய் ஆர்லிஸின் வீட்டுக்கு வண்டியை விட்டான்.

மலைச்சரிவில், மாடியில் இரண்டு அறை. மணி பதினொன்றரை. கதவைத் திறக்க அவளுக்கு நேரம் பிடித்தது. கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள். அவள் பேசுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. எல்ராய் வாசலிலேயே நின்றான்.

"அட, எல்ராய். இங்க ஹீட்டர் நல்லாத்தான் ஓடுது" என்று சிரித்தாள். "வா, காபி போடறேன். போட முடியும், பயப்படாத."

"காபி வேணாங்க. உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்."

அவன் சொன்னான். மான் வேட்டையைச் சொன்னான், திருகைச் சொன்னான், விரிசலைச் சொன்னான், புகை என்ன செய்யும் என்பதைச் சொன்னான். மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் குடிக்கல" என்றாள் கடைசியில்.

"நீங்க குடிக்கல."

"எனக்கே சந்தேகம் வந்துச்சு எல்ராய். ராத்திரி தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனோ, எனக்கே தெரியாம பாட்டில் வெச்சிருக்கேனோன்னு வீட்ட தலைகீழாப் புரட்டிப் பாத்தேன். ஒரு திங்கக்கிழமை காலையில டாக்டர்கிட்ட போனேன். ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்ல இருந்துட்டுப் போனேனா, நல்லாத்தான் இருக்கீங்கன்னுட்டார்." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உன்கிட்டயும் கேட்டேன். நீ பாத்தேன்னு சொன்ன. முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறவன் சொல்றான். அப்ப கோளாறு எங்கிட்டதான்னு முடிவு பண்ணேன்."

எல்ராய் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"சர்ச் கமிட்டிக்காரங்க கூப்பிட்டாங்க. ஊதிக் காட்டட்டுமா, ரத்தம் குடுக்கட்டுமான்னு கேட்டேன். பாதிரியார் என் கையைப் பிடிச்சிக்கிட்டு, ‘வேண்டாம் ஆர்லிஸ், உங்கள அவமானப்படுத்த எங்களுக்கு இஷ்டமில்ல’ன்னார். அவ்வளவு நல்ல மனுஷன். ஒரு தடவை ஊத விட்டிருந்தா போதும்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, நின்றது. "சரின்னு எங்க கூட்டத்துக்குப் போனேன். குடிய விட்டவங்க கூட்டம். பத்தொன்பது வருஷமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாற்காலி எடுத்துப் போட்டது நான். குடிக்கலன்னு சொன்னேன். எல்லாரும் தலைய ஆட்டினாங்க. ‘மொதல்ல ஒத்துக்கணும் ஆர்லிஸ்’னு சொன்னா ஒருத்தி. அவளுக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பேன். அதுல எத்தன பேர் நெசமாவே குடிக்கலியோ, தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் மார்ச் மாசம். என் பொண்ணு கிறிஸ்டா அவ பிள்ளைகள என்கிட்ட விடறத நிறுத்திட்டா. கெட்ட பேரு ஏற்கனவே வந்தாச்சு, குடிச்சா என்ன குடிக்காட்டி என்னன்னு போய் ஒரு பாட்டில் வாங்கினேன். கடைக்காரனுக்கு ஆச்சரியமே இல்ல. எப்பவும் வாங்கறவளுக்குக் குடுக்கற மாதிரி பையில போட்டுக் குடுத்தான்."

கீழே தெருவில் தபால் வண்டி நின்று, கிளம்பிப் போனது. எல்ராய் மன்னிப்புக் கேட்கவில்லை. அது கேட்டு வாங்குகிற சமாச்சாரமாக அவனுக்குத் தோன்றவில்லை.

"எழுதித் தர்றேங்க. சர்ச்சுக்கு, கமிட்டிக்கு, யாருக்கு வேணாலும். கூட்டத்துல வந்து நின்னு சொல்றேன்."

"அவங்க கிடக்கறாங்க. கிறிஸ்டாகிட்ட சொல்லு." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "நான் சொன்னா நம்ப மாட்டா, பாதி கேக்கறப்பவே போனை வெச்சிடுவா. நீ போய் நேரா நின்னு சொல்லு. பிள்ளைங்க ரெண்டும் என்கிட்ட வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"இப்பவே போறேன்."

"எல்ராய்." வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "இன்னிக்கு என்னைப் பாத்தியான்னு கேட்டா, நல்லா இருந்தேன்னு சொல்லு. நாளையிலிருந்து நிறுத்திடறேன். ஒரு தடவை நிறுத்தினவதானே. அவளுக்கு இது தெரிய வேணாம்."

அவன் "சரிங்க" என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

கிறிஸ்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் வீட்டில் இருப்பாள் என்று ஆர்லிஸ் சொல்லியிருந்தாள். பாலத்தைத் தாண்டிப் பக்கத்து ஊரான சுப்பீரியரில் வீடு. போகிற வழியில் முதலாளி மூன்று முறை போன் செய்தார், எல்ராய் எடுக்கவில்லை. வழியெல்லாம் அவனுக்குக் கணக்கு ஒன்றுதான். நல்லா இருந்தாங்க என்று சொன்னால், நாளைக்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவாள். விட்ட இடத்தில் பாட்டில் இருக்கும். சொல்லாவிட்டால், ஆர்லிஸுக்கு அவன் இன்று கொடுத்த ஒரே வாக்கும் போச்சு. பாலத்தின் உச்சியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அங்கேயே எங்காவது நிறுத்திவிட மாட்டோமா என்றிருந்தது அவனுக்கு.

கிறிஸ்டா பஸ் கம்பெனியின் மேல்சட்டையோடு வந்து கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மாவின் அதே அகன்ற நெற்றி. உள்ளே கூப்பிடவில்லை. எல்ராய் வாசல் மரப்படியில் நின்றபடியே இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை மான் வேட்டையைச் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நவம்பர்லருந்தா?"

"நவம்பர்லருந்து. பிப்ரவரி வரைக்கும். அவங்க வேலைய விட்டு நிக்கற வரைக்கும்."

"ஆபீஸ்ல மட்டும்?"

"அந்த ரூம்ல மட்டும்."

"அம்மாவ இன்னிக்குப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"குடிச்சிருந்தாளா?"

எல்ராய் அவளுடைய ஷூக்களைப் பார்த்தான். நல்லா இருந்தாங்க என்ற இரண்டு வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஹீட்டரைப் பார்க்காமலே அப்படிச் சொன்னவன்தான் அவன். இன்றைக்கோ பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"ஆமாம்மா. குடிச்சிருந்தாங்க. மார்ச்லருந்து குடிக்கறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு இல்ல. மார்ச்ல குடிக்க வெச்சது நாங்க எல்லாருமா சேர்ந்துதான். மொத ஆள் நான்."

உள்ளே அடுப்பில் எதுவோ கொதித்து வழிகிற சத்தம் கேட்டது, கிறிஸ்டா போகவில்லை. மெதுவாகச் சறுக்கி நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். எல்ராய் அவளைத் தூக்குவதா, பக்கத்தில் உட்காருவதா என்று தெரியாமல் நின்றான்.

"பிப்ரவரியில ஒரு நாள் கடையிலருந்து போன் பண்ணாங்க, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு" என்றாள், அவனைப் பார்க்காமல். "வண்டியில ஏறினதும் தூங்கிட்டா. சிக்னல்ல நின்னப்ப, அவ வாய்கிட்ட மூக்க வெச்சு மோந்து பாத்தேன். நாங்க சின்னப் பிள்ளையில தினமும் பண்ணுவோம், நானும் தம்பியும். அந்த ராத்திரி எப்படியிருக்கும்னு தெரிஞ்சிக்க."

எல்ராய் மரப்படியில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமே இல்ல. காபி வாசனைதான் வந்துச்சு. ரெண்டு தடவை மோந்து பாத்தேன்." அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்தி, பிறகு எடுத்தாள். "அப்ப வோட்காதான், அதுக்குத்தான் வாசனை வராதுன்னு நினைச்சிக்கிட்டேன்."